என்ன சாப்பிட்டாய்?

என் மகள் தன் ஒன்றரை வயதுக் குழந்தையை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தாள். குழந்தைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கழுத்தைச் சுற்றியும் தோல் சிவந்து தடித்துப் போயிருந்தது. பகலெல்லாம் சிரித்து விளையாடுவாள். விளக்கை அணைத்ததுதான் தாமதம், சொறிய ஆரம்பித்துவிடுவாள். தூக்கத்திலும் அந்தக் கை ஓயாது. பழைய காலுறைகளைக் குழந்தையின் கைகளில் மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிட்டுத்தான் என் மகள் படுப்பாள். காலையில் பார்த்தால் ஒரு காலுறை கட்டிலுக்கு அடியில் கிடக்கும். தலையணை உறையில் இரண்டு மூன்று ரத்தப் பொட்டுகள் இருக்கும்.

அப்படி ஒரு நாள் காலையில் அந்தத் தலையணை உறையைப் பார்த்துவிட்டு நான் கேட்டேன்: "நேற்று நீ என்னம்மா சாப்பிட்டாய்?"

அவள் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த இட்லித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதே கேள்வியை எனக்கு முன்னால் அவளுடைய மாமியார் கேட்டிருந்தார். நாத்தனார் கேட்டிருந்தாள். குழந்தையைப் பார்த்த டாக்டர் ஒருவர், தலை நிமிராமல் சீட்டு எழுதிக்கொண்டே கேட்டிருந்தார். இரவில் மட்டும் இன்னும் தாய்ப்பால் குடிக்கிற குழந்தை அது. ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் தாயின் இலையிலிருந்து ஒரு பண்டம் மறைந்துகொண்டே வந்தது. கத்தரிக்காய் போயிற்று, முட்டை போயிற்று, கருவாடு, தயிர், வேர்க்கடலைச் சட்டினி எல்லாம் போயின. கடைசியில் மிளகு ரசமும் சோறும் மிஞ்சின. அவள் இளைத்தாள், குழந்தையின் அரிப்பு இளைக்கவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எந்தக் கேள்வியைக் கேட்டு அவளை எழுந்து போகச் செய்தேனோ, அந்தக் கேள்விக்கு ஒரு பூர்வோத்தரம் இருக்கத்தானே வேண்டும் என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்தவனை அது வியன்னா வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று.

நம் வீடுகளில் இதற்குக் கரப்பான் என்று பெயர். கரப்பான் பண்டம் என்று ஒரு பட்டியலே பாட்டிமார்களின் நாக்கில் இருக்கும். ஐரோப்பாவிலும் கதை அதிகம் மாறவில்லை. ஜெர்மன் தாய்மார்கள் கைக்குழந்தையின் கன்னத்திலும் தலையிலும் வருகிற பொருக்குக்கு 'மில்ஷ்ஷார்ஃப்' என்று பெயரிட்டார்கள். அடிப்பிடித்த பாலின் பொருக்கு என்று அர்த்தம் சொல்லலாம். பாத்திரத்தில் பால் தீய்ந்தால் எப்படி இருக்குமோ, குழந்தையின் கன்னமும் அப்படி இருந்ததாம். உவமைக்கு வந்த பால், நாளடைவில் குற்றவாளியாகிவிட்டது! தாயின் பாலில் குற்றம், அல்லது பால் கொடுக்க வந்த செவிலியின் பாலில் குற்றம் என்றார்கள். செவிலியை மாற்றிப் பார்த்தார்கள். பெரிய டாக்டர்களிலேயே பலர், இந்தப் படையைக் குணப்படுத்தக் கூடாது, கெட்ட நீர் வெளியே வருகிற வழி அது, அடைத்தால் உள்ளே திரும்பிக் குழந்தையைக் கொன்றுவிடும் என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆகவே குழந்தை சொறியட்டும் என்று விட்டுவைத்தார்கள். அல்லது சொறியாமல் இருக்க முழங்கையை மடக்க முடியாதபடி அட்டையோ சிம்போ வைத்துக் கட்டினார்கள். அதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் காலுறை எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

இனி வியன்னா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவுக்கு முதல் முறையாக ஒரு நல்ல மருந்து கிடைத்தது. குதிரைக்கு அந்த விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து ஸீரம் எடுத்துக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். மூச்சுத் திணறிச் சாகவேண்டிய குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தவர்களில் சிலருக்கு எட்டுப் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும், உடம்பெங்கும் தடிப்பும், மூட்டு வீக்கமும் வந்தன. அதே குழந்தைக்குச் சில வாரம் கழித்து இரண்டாம் முறை ஸீரம் போட்டாலோ, எட்டு நாள் காத்திருக்கவில்லை, உடனே தடித்தது.

வியன்னாவின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இதைக் கவனித்தவர்கள் இருவர். ஒருவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே. பிரபு வம்சத்துப் பிள்ளை. முதலில் பாதிரியாராகப் போவதற்கு இறையியல் படித்து, பிறகு தத்துவம் படித்து, அதையும் விட்டு வைத்தியத்துக்கு வந்தவர். இன்னொருவர் ஹங்கேரிக்காரரான பேலா ஷிக். இருவருமாக 1905-ல் ஸீரத்தினால் வரும் நோயைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். மறு ஆண்டு, 1906-ல், பிர்க்கே ஒரு சிறு கட்டுரையில் புதிதாக ஒரு வார்த்தையைப் படைத்தார். கிரேக்க பாஷையில் 'அல்லோஸ்' என்றால் வேறு. 'எர்கோன்' என்றால் செயல். இரண்டையும் சேர்த்து 'அலர்ஜி' என்றார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இன்று நாம் அலர்ஜி என்றால் ஒத்துக்கொள்ளாமை என்று மட்டுமே நினைக்கிறோம். பிர்க்கே அப்படி நினைக்கவில்லை. உடம்பு அந்நியப் பொருள் ஒன்றை ஒரு முறை சந்தித்துவிட்டால், மறுமுறை அது பழைய உடம்பாக இருப்பதில்லை, மாறிவிடுகிறது. அந்த மாற்றம் காப்பாற்றுகிற மாற்றமாகவும் இருக்கலாம், வருத்துகிற மாற்றமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அவர் அந்தப் பெயரை வைத்தார். அம்மை கண்டவனுக்கு மறுபடி அம்மை வராததும், ஸீரம் போட்ட குழந்தைக்கு மறுபடி போட்டவுடன் தடிப்பதும், அவருடைய கண்ணில் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள். உலகம் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டபோது ஒரு கிளையை வெட்டி எறிந்துவிட்டு, மற்றதை மட்டும் வைத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் அந்த இன்னொரு கிளைக்குத்தான் மவுசு அதிகம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1901-ல் மொனாக்கோ அரசரின் உல்லாசக் கப்பலில் போன ஷார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்ற இரண்டு பிரஞ்சுக்காரர்கள் கடல் ஜந்துக்களின் விஷத்தை ஆராய ஆரம்பித்தார்கள். கரைக்கு வந்த பிறகு, நாய்களுக்கு அந்த விஷத்தைச் சிறிது கொடுத்தால் பின்னால் அதைத் தாங்கும் சக்தி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுத்தார்கள். நடந்தது நேர் மாறு. நெப்டியூன் என்ற கொழுத்த நாய், முதல் முறை ஒன்றும் ஆகாமல் தப்பியது; சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்ததும் அரைமணிக்குள் மாண்டது. 1913-ல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்படி ஒரு நாய் செத்து விழுந்த பிறகு, ஒத்துக்கொள்ளாத பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாம் என்று யார் சொன்னாலும் யாருக்குத் தைரியம் வரும்?

ஆனால் ஒருவருக்கு வந்தது. 1908-ல் ஆல்ஃபிரட் ஸ்கோஃபீல்டு என்ற ஆங்கில டாக்டர் 'லான்ஸெட்' பத்திரிகையில் ஒரு பையனைப் பற்றி எழுதினார். பதின்மூன்று வயது. முட்டை துளி பட்டால் போதும், உடம்பெல்லாம் தடித்து மூச்சு இரைக்கும். ஸ்கோஃபீல்டு ஒரு பச்சை முட்டையின் பதினாயிரத்தில் ஒரு பங்கை மாத்திரையில் அடக்கி அந்தப் பையனுக்குக் கொடுத்தார். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டினார். மாதக் கணக்கில் பொறுமையாகக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் பையன் முட்டை தின்றான். கதை எழுதுகிறவனாகிய எனக்கு இந்த மனிதரைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசை. அந்த முதல் மாத்திரையைப் பையன் விழுங்கிய ராத்திரி, அவன் தாயார் தூங்கியிருப்பாளா?

ஸ்கோஃபீல்டு போட்ட வழியில் பெரிய கூட்டம் போகவில்லை. கூட்டம் போனது நியூயார்க் வழியில். 1912-ல் அங்கே ஆஸ்கர் ஷ்லாஸ் என்ற குழந்தை வைத்தியர், முட்டை, பாதாம், ஓட்ஸ் மூன்றும் ஒத்துக்கொள்ளாத எட்டு வயதுப் பையனின் தோலை லேசாகக் கீறி, அந்தந்தப் பண்டத்தின் சாரத்தைத் தடவிப் பார்த்தார். ஒத்துக்கொள்ளாத இடத்தில் தோல் தடித்து எழும்பியது. இதே ஷ்லாஸும் அந்தப் பையனுக்கு முட்டையைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கினார் என்பதை மறந்துவிட்டு, அவருடைய கீறலை மட்டும் உலகம் பிடித்துக்கொண்டது. கீறிப் பார், தடித்ததை நிறுத்து! கலிபோர்னியாவில் ஆல்பர்ட் ரோ என்பவர் 1920-களிலும் 30-களிலும் இதை ஒரு முறையாகவே வகுத்தார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது அவருடைய வழி. திட்டம் என்னவோ நல்லதுதான். ஆனால் வீடுகளில் நிறுத்துவது சுலபமாக நடந்தது. திரும்பக் கொடுப்பதுதான் பல சமயம் நடக்கவில்லை. தோல் தடித்த பண்டமெல்லாம் வயிற்றுக்கும் ஆகாது என்றில்லை. எக்ஸிமாக் குழந்தையின் தோலோ எதைத் தொட்டாலும் தடிக்கிற தோல். பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று.

தாயின் பாலுக்கு இந்த நடுவில் ஒரு விடுதலை கிடைத்தது. சிகாகோவில் குரூலி, ஸான்ஃபோர்டு என்ற இருவர் 20,061 குழந்தைகளைக் கணக்கெடுத்து 1936-ல் வெளியிட்டார்கள். பசும்பால் குடித்த குழந்தைகளுக்குத் தாய்ப்பால் குடித்த குழந்தைகளைப்போல் ஏழு மடங்கு எக்ஸிமா வந்திருந்தது. பின்னால் வந்த கணக்குகள் எல்லாம் இப்படித் தெளிவாக இல்லை என்பது வேறு விஷயம். எப்படியும், பாலின் மேல் இருந்த பழி சற்று இறங்கியது. இறங்கிய பழி எங்கே போயிற்று என்றால், பால் கொடுக்கிறவளின் மனசுக்குப் போயிற்று.

ரெனே ஸ்பிட்ஸ் வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய மனோதத்துவ வைத்தியர். தாயைப் பிரிந்த குழந்தை எப்படி வாடிப்போகிறது என்பதை உலகத்துக்குக் காட்டியவர் அவர். அதற்காக அவருக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். அதே மனிதர் 1951-ல் எழுதிய கட்டுரையில் கைக்குழந்தைகளின் நோய்களுக்குத் தாயின் மனப்பாங்கையே காரணமாக வரிசைப்படுத்தினார். எக்ஸிமாவுக்கு அவர் கண்ட காரணம், கவலை என்ற முகமூடிக்குள் ஒளிந்திருக்கிற தாயின் வெறுப்பு! இதற்கு அவர் பார்த்த குழந்தைகள் யார்? குற்றம் செய்து தண்டனைக்கு வந்த இளம் பெண்களுக்கென்று ஏற்பட்ட ஸ்தாபனத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்த குழந்தைகள். அந்தப் பெண்கள் குழந்தையைத் தொடத் தயங்கினார்களாம். அதுதான் சாட்சி.

எனக்கு இதைப் படித்ததும் கோபம் வந்தது. தொட்டால் குழந்தை வீறிட்டு அழுகிறது. எண்ணெய் தடவினால் எரிகிறது என்று திமிறுகிறது. நகம் பட்டால் ரத்தம் வருகிறது. அப்படிப்பட்ட குழந்தையைத் தொடுவதற்கு எந்தத் தாய்தான் தயங்கமாட்டாள்? ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றாவது முறை எழுந்திருக்கிறவளின் முகத்தில் என்ன தெரியும் என்று அவர் எதிர்பார்த்தார்? காரியத்தைக் காரணமாக எடுத்துக்கொண்டுவிட்டார். சிறைக்குள் இருக்கிற பெண்ணிடம் போய், உன் குழந்தையின் தோல் உன் வெறுப்பினால்தான் வெடித்திருக்கிறது என்று எழுதினால் அவள் எந்தப் பத்திரிகையில் மறுப்பு எழுதுவாள்?

ஸ்பிட்ஸ் இதை எழுதிய அடுத்த ஆண்டே, 1952-ல், நியூயார்க்கில் மேரியன் ஸல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிஸோன் கலந்த களிம்பைத் தடவி எக்ஸிமா தணிவதைக் காட்டினார்கள். (மேரியன் என்ற பெயரைப் பார்த்துப் பெண்மணி என்று நினைத்துவிட வேண்டாம், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.) மனசில் இருந்த வெறுப்பு, தோலில் தடவிய களிம்புக்கு எப்படி அடங்கியது என்று யாராவது ஸ்பிட்ஸைக் கேட்டிருக்கலாம். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டாலே இப்போது நம் வீடுகளில் பயப்படுகிறார்கள். வீரியம் அதிகமானதை, டாக்டரைக் கேட்காமல், மாதக் கணக்கில் தடவினால் தோல் மெலியும் என்பது உண்மை. சரியான வீரியத்தில், சொன்ன நாள் வரைக்கும் தடவி நிறுத்துவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பயத்தினால் தடவாமல் விட்ட தோல்தான் அதிகத் துன்பம் தருகிறது.

1966-ல் அமெரிக்காவிலிருந்த இஷிஸாக்கா என்ற ஜப்பானியத் தம்பதிகள் அலர்ஜிக்குக் காரணமான ரத்தப் பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். ஸ்வீடனிலும் அதே பொருளைக் கண்டார்கள். இன்று லாபரட்டரிச் சீட்டில் ஐ.ஜி.ஈ. என்று மூன்று எழுத்தில் வருவது அதுதான்.

இப்போது கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். மேல்நாடுகளில் 1990-களில் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் பெருகினார்கள். நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். கடற்கரையில் காகிதப் பொட்டலத்தில் வாங்கிக் கொறிக்கிற பண்டத்துக்கு ஒரு குழந்தை உயிரை விடுமா என்று கேட்போம். அங்கே சில குழந்தைகள் விட்டார்கள். அரசாங்கங்கள் கவலைப்பட்டன. 1998-ல் பிரிட்டனில், அலர்ஜி உள்ள குடும்பத்துக் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் வேர்க்கடலையைத் தவிர்ப்பது நல்லது என்று யோசனை சொன்னார்கள். 2000-ல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம், அப்படிப்பட்ட குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஒரு வயது வரை பசும்பால் வேண்டாம், இரண்டு வயது வரை முட்டை வேண்டாம், மூன்று வயது வரை வேர்க்கடலையும் மீனும் வேண்டாம் என்றது. படித்த தாய்மார்கள் சொன்னபடி செய்தார்கள். ஆயினும் வேர்க்கடலை அலர்ஜி குறையவில்லை, கூடிக்கொண்டுதான் போயிற்று.

லண்டனில் கிடியன் லாக் என்ற குழந்தை வைத்தியர் இருந்தார். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் பிறந்த சுமார் 14,000 குழந்தைகளின் விவரங்களைப் புரட்டி 2003-ல் ஒரு செய்தி சொன்னார்கள். கர்ப்பத்தில் தாய் வேர்க்கடலை தின்றதற்கும் குழந்தைக்கு அலர்ஜி வந்ததற்கும் சம்பந்தம் தெரியவில்லை. சம்பந்தம் தெரிந்தது வேறு இடத்தில்: படையும் வெடிப்புமாக இருந்த தோலில், கடலை எண்ணெய் கலந்த களிம்பு தடவப்பட்ட குழந்தைகளிடம்.

வாய் வழியாக வரவில்லை. தோல் வழியாக வந்திருக்கிறது! ஆற்றுவதற்கென்று அன்போடு தடவிய களிம்பு அது.

அதற்குப் பிறகு லாக் டெல் அவீவ் நகரத்தில் ஒரு கூட்டத்தில் பேசப் போனார். கூடியிருந்த டாக்டர்கள் சுமார் இருநூறு பேர். சென்ற ஓர் ஆண்டில் வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தையைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். லண்டனாக இருந்தால் அநேகமாக எல்லோருடைய கையும் உயர்ந்திருக்கும். இங்கே இரண்டு மூன்று கைகள்தான் எழுந்தன. ஏன் என்று விசாரித்தார். இஸ்ரேலில் 'பம்பா' என்று ஒரு தின்பண்டம் உண்டு. சோளப் பொரியில் வேர்க்கடலை விழுது சேர்த்தது. வாயில் போட்டால் கரைந்துவிடும். பல் முளைக்கிற குழந்தையின் கையில் கொடுத்துவிடுவார்கள். லாக் இரு நாட்டிலும் யூதக் குழந்தைகளையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாட்டிலும் ஐயாயிரத்துக்கு மேல் கணக்கெடுத்தார். 2008-ல் வெளியான கணக்கின்படி பிரிட்டனில் 100-க்கு 1.85 குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி, இஸ்ரேலில் 0.17. வம்சம் ஒன்று, பழக்கம் வேறு.

கணக்கு வேறு, சோதனை வேறு. அதையும் செய்தார்கள். கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ உள்ள, நாலு மாதம் முதல் பதினொரு மாதம் வரையுள்ள 640 குழந்தைகளைச் சேர்த்தார்கள். தோலில் குத்திப் பார்த்து, மிகவும் தடித்த குழந்தைகளை முதலிலேயே விலக்கிவிட்டார்கள். மிகுந்தவர்களில் பாதிப் பேருக்கு வாரந்தோறும் வேர்க்கடலை. பாதிப் பேருக்கு ஐந்து வயது வரை அறவே கிடையாது. 2015-ல் முடிவு வந்தது. தவிர்த்தவர்களில் 100-க்கு 17 பேருக்கு வேர்க்கடலை அலர்ஜி வந்திருந்தது. தின்றவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான்.

நூறு ஆண்டுக்கு முன் ஸ்கோஃபீல்டு மாத்திரைக்குள் அடைத்துக் கொடுத்த விஷயம் இது. பிர்க்கேயின் வார்த்தையிலிருந்து வெட்டி எறிந்த கிளையும் இதுதான். உடம்பு சந்தித்ததனால் மாறுகிறது. எந்த வாசல் வழியாக முதலில் சந்தித்தது என்பதைப் பொறுத்து, நட்பாகவும் மாறலாம், பகையாகவும் மாறலாம். வயிற்று வழியாக விருந்தாளியாக வந்த பண்டத்தை உடம்பு பெரும்பாலும் உபசரிக்கிறது. வெடித்த தோல் வழியாகச் சுவரேறிக் குதித்து வந்ததைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறது. வீட்டுத் தூசியில்கூட வேர்க்கடலையின் அம்சம் இருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். குழந்தையின் தட்டிலிருந்து அகற்றிவிட்டு, வீட்டார் மட்டும் தின்றுகொண்டிருந்தால், தோல் அதைச் சந்திக்கும், வயிறு சந்திக்காது. மூன்று வயது வரை காத்திருங்கள் என்ற புத்திமதி, திருடனுக்கு மூன்று வருஷம் அவகாசம் கொடுத்த புத்திமதியாகப் போயிற்று. அமெரிக்கச் சங்கம் 2008-லும் பிரிட்டிஷ் அரசாங்கம் 2009-லும் அந்த யோசனையைத் திரும்பப் பெற்றன. 2017-ல் அமெரிக்காவில் வந்த புதிய விதிகள், கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தைக்குப் பரிசோதனை செய்துவிட்டு நாலு முதல் ஆறு மாதத்துக்குள் வேர்க்கடலையை ஆரம்பிக்கலாம் என்கின்றன. நேர் தலைகீழ்!

சரி, அந்தத் தோல் ஏன் வெடிக்கிறது? இதற்கு ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தில் இர்வின் மக்லீன் குழுவினர் 2006-ல் ஒரு பதில் கண்டார்கள். தோலின் மேல் அடுக்கைக் கட்டுக்கோப்பாக வைத்து, ஈரம் வெளியேறாமல் காக்கிற ஃபிலாக்ரின் என்ற ஒரு சரக்கு உண்டு. அதைச் செய்யும் மரபணுவில் பழுது இருந்தால் எக்ஸிமா வருகிற வாய்ப்பு அதிகம். ஐரோப்பியர்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்தப் பழுது இருக்கிறது. கட்டுச் சுவரில் செங்கல் இருக்கிறது, சாந்து குறைவு. தாய் கத்தரிக்காய் தின்றதனால் சாந்து குறையவில்லை. அவள் மனசில் இருந்த எதனாலும் குறையவில்லை. தாய் தகப்பன் இருவரில் யாரிடமிருந்தும் இது வரலாம் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன். 'என்ன சாப்பிட்டாய்' என்று எந்தத் தகப்பனையும் யாரும் கேட்டதாக இந்தச் சரித்திரத்தில் நான் எங்கும் படிக்கவில்லை.

இத்துடன் எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிட்டது என்று எழுதத்தான் கை துடிக்கிறது. நாவலாக இருந்தால் அப்படித்தான் முடித்திருப்பேன். சுவர்தானே பழுது, பிறந்த நாள் முதல் களிம்பு பூசி வந்தால் எக்ஸிமாவே வராதல்லவா என்று பிரிட்டனில் 1,394 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் வந்த முடிவு: இரண்டு வயதில், பூசியவர்களில் 100-க்கு 23 பேருக்கு எக்ஸிமா, பூசாதவர்களில் 25 பேருக்கு. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வந்த எக்ஸிமாவுக்கு ஈரம் காக்கும் களிம்பு அவசியம். வராமல் தடுக்க அது போதவில்லை. சாந்து பூசுகிற வித்தை நமக்கு இன்னும் முழுதும் கைவரவில்லை.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதையெல்லாம் படித்த உற்சாகத்தில் நான் ஒரு பிடி வேர்க்கடலையை எடுத்துக்கொண்டு குழந்தையிடம் போகவில்லை. அப்படி யாரும் போகவும் கூடாது. முழுக் கடலை சின்னக் குழந்தையின் மூச்சுக் குழலில் சிக்கிக்கொள்ளும். ஏற்கெனவே அலர்ஜி வந்துவிட்ட குழந்தைக்கு விழுதுகூட ஆபத்து. வேறு ஒரு டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் தலை நிமிர்ந்துதான் பேசினார். பரிசோதனை செய்தார். முட்டைக்கு மட்டும் சற்றுத் தடித்தது. அதற்கு ஒரு வழி சொன்னார். மற்றது எல்லாம் சாப்பிடலாம் என்றார். கடலையை அவர் அறையிலேயே, நைஸாக அரைத்துக் கஞ்சியில் கரைத்து, கரண்டி நுனியில் தொட்டுக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் களிம்பைக் கனமாகத் தடவவேண்டும், தினம் இரண்டு வேளை. சிவந்த இடத்துக்கு மட்டும் ஸ்டீராய்டுக் களிம்பு, சொன்ன நாட்களுக்கு. கடைசியாக என் மகளைப் பார்த்து, "நீங்கள் என்ன வேண்டுமானாலும் சாப்பிடுங்கள்" என்றார்.

என் மகள் அங்கேயே அழுதுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் படித்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். பிர்க்கேயைப் பற்றிச் சொன்னேன். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு பட்டினி கிடந்த ஆஸ்திரியாவில் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடுகிற பெரிய வேலையை அவர்தான் நடத்தினார் என்றும், எல்லா உணவையும் ஒரு கிராம் பாலோடு ஒப்பிட்டு அளக்கிற அளவு ஒன்றை அவர் ஏற்படுத்தினார் என்றும், அப்படிப்பட்டவர் 1929-ல் மனைவியோடு சேர்ந்து விஷம் குடித்து இறந்துபோனார் என்றும் சொன்னேன். ஸ்பிட்ஸைப் பற்றிச் சொன்னபோது அவள் முகம் மாறியது. அந்தச் சிறைப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி அப்பா. இன்று ராத்திரி குழந்தை எழுந்தால் நீங்கள் தடவுகிறீர்களா?" என்றாள்.

அன்று ராத்திரி குழந்தை இரண்டு முறை எழுந்தாள். களிம்பு சில்லென்று இருந்ததால் முதலில் காலை உதைத்தாள். பிறகு என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே தூங்கிப்போனாள். காலையில் சமையலறையிலிருந்து வேர்க்கடலை வறுக்கிற வாசனை வந்தது. சட்டினிக்குத்தான்.